அப்பத்தாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்கிறார்கள். இனி நடக்கக் கூடாதா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கானாடுகாத்தானில் இருக்கும் அவருடைய அப்பத்தாவுக்கு 71 வயது, எடை 74 கிலோ, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மூன்று வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, வலது பக்கம் கூடுதல். எக்ஸ்ரேயில் மூன்றாம் நிலைத் தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஜெல் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் ஸ்டெம் செல் போட்டால் ஜவ்வு புதிதாக வளரும் என்கிறார். இதற்கிடையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து அப்பத்தாவை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. அவரோ தைப்பூசத்துக்குக் குன்றக்குடி மலை ஏறியே தீருவேன் என்கிறார். என்ன செய்வது, புதிதாக மருந்து ஏதும் வருகிறதா என்பது கேள்வி.

நான் காரைக்குடியில் 22 வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முட்டிவலிக்காரர்கள்தான். தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். இன்று இரவே வீட்டுக்குப் போன் போட்டு, அப்பத்தாவை நடக்க விடச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

'தேய்மானம்' என்ற சொல்தான் பாதிக் கெடுதலைச் செய்கிறது. செருப்பு தேய்கிற மாதிரி, டயர் தேய்கிற மாதிரி முட்டியும் தேய்கிறது, நடந்தால் இன்னும் தேயும், அதனால் நடக்காமல் மிச்சம் பிடிப்போம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. செருப்புக்கு உயிர் இல்லை, மூட்டுக்கு உண்டு. எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு, ஊரில் ஜவ்வு என்கிறோமே அது, சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். அதற்குள் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அப்படியானால் அதற்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? காலை ஊன்றும்போது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அதிலிருந்து நீர் வெளியேறுகிறது, எடுக்கும்போது மூட்டுத் திரவம் உள்ளே ஊறுகிறது. ஊன்றி எடுப்பதுதான் அதற்கு ஊட்டம். உட்கார்த்தி வைத்தால் பட்டினிதான். உங்கள் வீட்டு ஆத்தங்குடி தளக்கல்லைப் பாருங்கள். ஆள் புழங்கப் புழங்க மெருகேறும், பூட்டிக் கிடக்கிற வீட்டில் மங்கிப்போகும். மூட்டைப் பற்றிப் பேசும்போது டயரை விட்டுவிட்டு அந்தக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பேச்சும் ஊரில் உண்டு: 'முட்டியில் எண்ணெய் வற்றிவிட்டது.' நல்ல முட்டியில் அந்தத் திரவம் ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. இந்த நோயில் பல பேருக்கு அது கூடத்தான் செய்கிறது, முட்டி வீங்குவதே அதனால்தான். கூடினாலும் கொழகொழப்புக் குறைந்து நீர்த்துப்போகிறது. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த மூட்டுத் தேய்மானம் ஜவ்வோடு மட்டும் நிற்கிற சங்கதியும் இல்லை. அடியில் இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றிய உறை, உள்ளே இருக்கும் பிறைவடிவ ஜவ்வு, தொடைத் தசை எல்லாம் சேர்ந்து மாறுகிற நோய் அது. உறையில் லேசான அழற்சி வந்துபோகும். வலியும் பெரும்பாலும் அங்கிருந்தும் எலும்பிலிருந்தும்தான் கிளம்புகிறது, நரம்பே இல்லாத குருத்தெலும்பிலிருந்து இல்லை. ஜவ்வு தேய்ந்தவருக்கு வலியே இல்லாமலும், கொஞ்சம் மட்டும் தேய்ந்தவருக்குத் தாங்க முடியாத வலியுமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த 'மூன்றாம் நிலை'க்கும் இது பொருந்தும். 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எக்ஸ்ரேயைப் பூஜ்ஜியத்திலிருந்து நான்கு வரை தரம் பிரித்தார்கள். இன்றும் அதைத்தான் எழுதுகிறோம். அது படத்துக்குக் கொடுத்த மார்க், உங்கள் அப்பத்தாவுக்கு இல்லை. 45 வயதுக்கு மேல், நடந்தால் வலி, காலையில் எழுந்ததும் அரைமணிக்கு உட்பட்ட விறைப்பு என்று இருந்தால் எக்ஸ்ரே இல்லாமலே இந்த நோயைச் சொல்லலாம் என்பது இங்கிலாந்து வழிகாட்டுதல். ஆனால் காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், முட்டி சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால், விழுந்தபிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிற வலி விடாமல் இருந்தால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அது வேறு கதையாக இருக்கலாம்.

நடக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு ஆச்சியைக் கொண்டு சொல்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கம், 66 வயது. பனையோலையில் கொட்டான் என்கிற கூடை பின்னுகிறவர். நாற்பது வருடமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வேலை. எங்கேயோ ஒரு இடத்தில், 'எலும்போடு எலும்பு உரசுகிறது, இனி நடந்தால் முடிந்தது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பயந்துபோய் எட்டு மாதம் கட்டிலும் நாற்காலியுமாக இருந்திருக்கிறார். என்னிடம் மகள் தாங்கிப் பிடித்துத்தான் கூட்டி வந்தார். டேப் வைத்து அளந்தேன். வலது தொடை இடது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, 'இதை அமுக்குங்க ஆச்சி' என்றேன். தொடையில் கையை வைத்துப் பார்த்தால் தசை ஒரு துடிப்புத் துடித்து அடங்கிவிட்டது. வலிக்கிறதா என்றேன். 'வலிக்கலப்பா, கேக்க மாட்டேங்குது' என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுக்க இருக்கிறது. முட்டிக்கு வரும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது முன்தொடைத் தசை. அது சொன்னபடி கேட்காதபோது எல்லாப் பாரமும் மூட்டின் மேல் இறங்குகிறது, வலி கூடுகிறது, வலிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் உட்காருகிறோம், தசை இன்னும் வற்றுகிறது. பத்து வாரம் கழித்து அந்த ஆச்சி கைத்தடியோடு தனியாக வந்தார். எக்ஸ்ரே அப்படியேதான் இருந்திருக்கும், நான் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. இப்போது முழங்கால் உயர மேசை போட்டு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டான் பின்னுகிறார்.

சரி, உங்கள் அப்பத்தா என்ன செய்யலாம்? துண்டை அமுக்குவதிலிருந்தே தொடங்கலாம்: ஐந்து விநாடி அமுக்கி விட வேண்டும், பத்துத் தடவை, காலை மாலை. அது எளிதானபிறகு படுத்தபடி காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி நிறுத்துவது. அதற்கப்புறம் முக்கியமானது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் உயரமான நாற்காலி, மேலே ஒரு தலையணை; வாரம் போகப்போகத் தலையணையை எடுத்துவிடலாம். வளவுத் தூணை, அதாவது நடுமுற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதும் நல்லது. செய்யும்போது வலிக்கும். பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லையென்றால் குறைத்துக்கொள்ள வேண்டும், விட்டுவிடக் கூடாது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நிறையப் பேர் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிட்டு 'எக்சர்சைஸ் எனக்கு ஒத்துவரவில்லை' என்கிறார்கள். எனக்கு மனது ஆறாத இடம் அதுதான்.

நடைக்கு ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளுகிற செட்டிநாட்டு வீடு உங்களுடையது. வெயிலும் மழையும் படாத நடைபாதை அது. ஒரு நடைக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்து, பத்து நிமிடத்தில் தொடங்கி அரைமணி வரை கொண்டுபோகலாம். அதே வீட்டில் முட்டிக்கு ஆகாதவையும் உண்டு. உயரமான நிலைப்படிகள் இருக்கும் இடத்தில் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். கழிப்பறை குத்தவைத்து உட்காரும் வகையாக இருந்தால் மேற்கத்திய வகைக்கு மாற்றுங்கள். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில் அப்பத்தாவுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. பந்தியில் தரையில் உட்கார வேண்டாம், மேசை போட்டுச் சாப்பிடட்டும். கோலம் போட ஆசைப்பட்டால் நின்றபடி இடுப்பிலிருந்து குனிந்து போடட்டும், குத்தவைப்பதுதான் முட்டிக்குப் பாரம். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் இடது கை. நான் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடித்து வருகிறார்கள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டிமேல் ஏறும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அமெரிக்காவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 74 கிலோவில் நான்கு கிலோ குறைத்தாலே தெரியும். ஆனால் சோற்றைக் குறைக்கிறேன் என்று பருப்பையும் முட்டையையும் சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள், இருக்கிற தசையும் போய்விடும். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் விசேஷ நாளுக்கு இருக்கட்டும். முடக்கத்தான் தோசை வேண்டுமென்றால் தாராளமாகச் சாப்பிடலாம், அதுவே வைத்தியம் என்று மட்டும் இருந்துவிட வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வலியைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் 71 வயது, சர்க்கரை, பிரஷர் என்று இருக்கிற உடம்பில் அவை வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஆபத்து. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் சிறுநீரகத்துக்கு இன்னும் மோசம். டாக்டர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு முன் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டியில் தடவிப் பார்க்கலாம். ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். முட்டி தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நன்றாக வேலை செய்கிறது. குளுக்கோசமின் மாத்திரையை வருடக்கணக்காக வாங்குகிறவர்கள் உண்டு. 2006இல் 1,583 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் மொத்தமாகப் பார்த்தபோது அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. அப்புறம், பேர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடி. தின்ற மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கச் சாத்தியம் உண்டு. முகம் உப்பி, சர்க்கரை 400ஐத் தொட்டு வந்த இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன்.

ஊசிகளுக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி வீங்கின முட்டிக்குச் சில வாரம் நிம்மதி தரும், சில நாள் சர்க்கரையை ஏற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது: வலியில் உப்புநீர் ஊசிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில் 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி. ஒரு வருடம் கழித்து பிசியோதெரபி எடுத்தவர்களே வலியிலும் நடமாட்டத்திலும் மேலாக இருந்தார்கள். என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை, ராணுவ மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அது. மூட்டுக்குள் கொழகொழப்பான திரவத்தைச் செலுத்தும் ஜெல் ஊசியைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் 2022இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வலியில் கிடைத்த குறைவு நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று வந்தது. சொந்த ரத்தத்தைச் சுழற்றிப் போடும் பிஆர்பி ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குச் சோதித்தார்கள், 2021இல் முடிவு வந்தது, உப்புநீர் போட்ட முட்டிகளும் அதே அளவு தேறியிருந்தன. ஸ்டெம் செல்லும் அப்படித்தான். அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்டவர்களிடம் மூன்று வகைச் செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. லட்ச ரூபாய் கேட்பவரிடம், 'எம்ஆர்ஐயில் ஜவ்வு வளர்ந்ததை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள்.

துளை போட்டு மூட்டைக் கழுவிவிடும் ஆபரேஷன் வேண்டாம். 2002இல் ஹூஸ்டனில் 180 பேரில் சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். அவர்களும் கழுவியவர்களும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

மூட்டு மாற்று ஆபரேஷன் அப்படி இல்லை. உரிய நேரத்தில் செய்தால் அது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கிற வைத்தியம். உரிய நேரம் எது என்பதை எக்ஸ்ரேயை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தூக்கம் கெடுகிறது, கழிப்பறைக்குப் போவதே பாடாக இருக்கிறது, கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்துகொண்டே போகிறது என்றால் தள்ளிப் போடவும் கூடாது. மாற்றிய முட்டிகளில் நூற்றுக்கு 82 போல 25 வருடம் தாங்குகின்றன என்று 2019இல் கணக்கிட்டிருக்கிறார்கள். 71 வயதுக்கு அது போதும். ஆனால் ஐந்தில் ஒருவர் வரை ஆபரேஷனுக்குப் பிறகும் முழு நிம்மதி இல்லை என்கிறார்கள், இதை முன்கூட்டியே அப்பத்தாவிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கத்தி வைத்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். மூட்டுக்கு மட்டும் எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு என்று பில்லில் பிரித்துக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிவகங்கையிலோ மதுரையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

புதிய மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். குருத்தெலும்பை வளர்க்கிற மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. மிக அருகில் வந்தது ஸ்ப்ரிஃபெர்மின் என்ற ஊசி மருந்து. 2019இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் போலி ஊசி போட்டவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் குருத்தெலும்பு கூடியிருந்தது, வலியில் மாற்றமில்லை. டனெசுமாப் நேர்மாறானது. வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கிற ஊசி. வலி நன்றாகவே குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக நொறுங்கியது. 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 19க்கு 1 என்று எதிராக வாக்களித்தது, கம்பெனிகள் கைவிட்டன. எனக்கு நம்பிக்கை தருவது எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி. 2024இல் வெளிவந்த ஆய்வில், முட்டிவலியும் உடல் பருமனும் உள்ள 407 பேரில் ஊசி போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரி 13.7 சதவீத எடை குறைந்தார்கள், வலியும் போலி ஊசிக்காரர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. எடைக்கான ஊசியாக 2025இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எடைக் கணக்கு, 40. அது மிக அதிகப் பருமன். அப்பத்தாவுக்குப் பொருந்துமா என்பதைச் சர்க்கரை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட 20 லட்சம் பேரின் மரபணுவை அலசிய ஆய்வு 2025இல் வந்திருக்கிறது, இந்த நோயோடு தொடர்புள்ள 962 இடங்களைக் குறித்திருக்கிறார்கள். அதிலிருந்து மருந்து பிறக்க வருடங்கள் ஆகும்.

கடைசியாகக் குன்றக்குடி. போகட்டும், ஆனால் இன்றிலிருந்து பத்து வாரமாவது பயிற்சி செய்துவிட்டு. வீட்டு நிலைப்படியிலேயே ஏறி இறங்கிப் பழகட்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்க வேண்டும். அப்பத்தாவுக்கு இடதுகால் ஏற, வலதுகால் இறங்க. ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் தடி. பூசத்தன்று கூட்டத்தில் நெருக்கித் தள்ளுவார்கள். இரண்டு நாள் முன்னதாக, கல் சுடுவதற்கு முன் விடிகாலையில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கடினம், அதனால் மேலே நன்றாக உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு இறங்கட்டும். கீழே இறங்குகையில் யாராவது ஒருவர் அவருக்கு ஒரு படி முன்னால், அவர் பக்கம் திரும்பி நடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு லீவு கிடைத்தால் அது நீங்களாக இருங்கள்.